பெரிய கோயிலில் கண்ணைக் கீழே இறக்குங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் கழுத்து தானாகவே பின்னால் சாய்கிறது. கருவறைமேல் எழும் விமானம் அதற்காகவே கட்டப்பட்டது. ஆனால் ராஜராஜனின் அதிகாரம் எப்படி ஓடியது என்று தெரிய வேண்டுமானால், கண்ணை அங்கிருந்து இறக்கி அடித்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிட்டானம் என்ற அடிமேடையின் பட்டைகளிலும் அதன் புடைத்த வளையமான குமுதத்திலும் வரிவரியாக ஓடும் எழுத்துதான் இந்தக் கட்டடத்தின் இயந்திரம். உயரம் அதன் விளம்பரம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய கோயிலைப் பற்றி ஊரில் உலவும் கதைகளெல்லாம் உச்சியைப் பற்றியவை. அவற்றில் பாதி தவறு.

முதலில் அந்தக் கதைகளை ஒதுக்கிவிடுவோம். விமானத்தின் உயரம் 216 அடி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தொல்லியல் துறை தரும் அளவு சுமார் 60 மீட்டர், அதாவது 197 அடி. அதுவே போதும், கூட்ட வேண்டியதில்லை. உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பது அடுத்தது. அந்த எண்பட்டைச் சிகரம் பல கற்களைப் பொருத்திச் செய்தது. நிழல் தரையில் விழாது என்பது மூன்றாவது. இதைக் கணக்கால் சரிபார்க்கலாம். தஞ்சை ஏறத்தாழ 10.8 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்து, தொடுவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில் நிற்கும். 60 மீட்டர் உயரமுள்ள ஒன்றின் நிழல் அப்போது வடக்கே சுமார் 40 மீட்டர் நீளும். விமானத்தின் அடிப்பக்கம் சுமார் 30 மீட்டர், நடுவிலிருந்து விளிம்பு வரை 15 மீட்டர். மீதி 25 மீட்டர் நிழல் தரையில் கிடக்கும். மார்கழியில் நண்பகலில் போனால் வடபுறத்தில் அந்த நிழலிலேயே நிற்கலாம்.

இன்னொரு கதை இதைவிட முக்கியமானது. கோயிலைக் கட்டிய ஒவ்வொரு தொழிலாளியின் பெயரையும் ராஜராஜன் கல்லில் வெட்டினான் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். கல்லில் இருப்பது கொடுத்தவர்களின் பட்டியலும், கட்டி முடித்தபின் கோயிலில் வேலை பார்த்தவர்களின் பட்டியலும்தான். அதில் பெருந்தச்சன் உண்டு: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அவனுக்குக் கீழ் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்று இருவர். நாவிதனும் உண்டு, அவனுக்கும் ராஜராஜப் பெருநாவிசன் என்று அரசன் பெயரிலேயே பட்டம். மலையில் கல் உடைத்தவர்கள், இழுத்து வந்தவர்கள், சாரத்தில் ஏற்றியவர்கள் பட்டியல் அங்கே இல்லை. தஞ்சை வண்டல் மண் பூமி. கட்டடக் கருங்கல் அந்த மண்ணில் கிடையாது, மேற்கிலும் தெற்கிலும் தொலைவில் உள்ள பாறைப் பகுதிகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். அவ்வளவு கல்லை இழுத்தவர்களின் பெயர் இல்லாததையும் அதிகாரத்தைப் பற்றிய செய்தியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதற்கு முன் சோழ நாட்டில் எழுந்த கற்றளிகள், அதாவது கற்கோயில்கள், சிறியவை. புள்ளமங்கை, சீனிவாசநல்லூர் போன்றவை நுட்பத்தில் தஞ்சைக்கு மேலே நிற்கக்கூடியவை, அளவில் அதன் காலடிக்கு வருபவை. ஒரே தலைமுறையில் பல மடங்கு தாவியிருக்கிறார்கள். கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவே சுற்றுப்பாதை, அதற்கு மேலே இன்னொரு தளத்திலும் சுற்றுப்பாதை. அதற்கு மேல் ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீட்டிக்கொண்டு போய் உச்சியில் சேர்கிறது. உள்ளே பொள்ளல். சுண்ணச்சாந்து ஒட்டிப் பிடிக்கவில்லை, கல்லின் எடையே கல்லைப் பிடிக்கிறது. பதின்மூன்று நிலைகளும் வெளியே கூம்பாக நேர்கோட்டில் ஏறுவதால் உண்மை உயரத்தைவிடக் கூடுதலாகத் தோன்றும். இந்த விமானத்துக்கு ராஜராஜன் வைத்த பெயர் தட்சிணமேரு. உலகின் நடுவில் நிற்கும் மலையைக் கொண்டுவந்து தன் ஊரில் நட்டுவிட்டதாகப் பொருள். கோயிலுக்குப் பெயர் ராஜராஜீஸ்வரம். பிருகதீஸ்வரர் என்பது பிற்கால வழக்கு. கட்டிய நாளில் சாமியின் பெயரிலேயே அரசன் இருந்தான்.

வாயில்களும் அப்படியே. முதல் கோபுரம் கேரளாந்தகன் திருவாசல். கேரளனுக்கு முடிவு கட்டியவன் என்ற பட்டம் அது, ஆட்சியின் தொடக்கத்தில் சேரர்மீது பெற்ற வெற்றியிலிருந்து வந்தது. அடுத்தது ராஜராஜன் திருவாசல். கும்பிட வருகிறவன் முதலில் ஒரு போர்ச்செய்தியின் கீழும், பிறகு அரசன் பெயரின் கீழும் குனிந்து நுழைய வேண்டும். விமானச் சுவரின் மேல்வரிசைக் கோட்டங்களை, சிற்பம் நிற்கும் மாடங்களை, பாருங்கள். வில்லேந்திய திரிபுராந்தகர் திரும்பத் திரும்ப வருகிறார். முப்புரம் எரித்த கடவுளை ஒரு கோயிலில் ஒருமுறை, இருமுறை வைப்பது வழக்கம். இங்கே நான்கு பக்கமும் வில். உட்சுற்றுப்பாதையின் சோழர் ஓவியத்திலும் அவரே பெரிய அளவில் தேரேறி நிற்கிறார். போருக்குப் போகும் அரசன் தன்னை எந்தக் கடவுளில் பார்த்துக்கொண்டான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி அடித்தளத்துக்கு வருவோம்.

1010-ஆம் ஆண்டில், தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் ஒரு செப்புக்குடம் கொடுக்கிறான். எடை 3,083 பலம், அதன்மேல் போர்த்திய பொன்தகடு 2,926½ கழஞ்சு. நூறு கிலோவைத் தாண்டும் செம்பு, ஏறத்தாழ 14, 15 கிலோ பொன் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நூறு நாள் சொச்சம் கழித்து, 26-ஆம் ஆண்டின் 20-ஆம் நாள், அரண்மனையின் கீழைத் திருமஞ்சனசாலையில், அதாவது கிழக்குக் குளியல்கூடத்தில், இருந்தபடி ஓர் ஆணை இடுகிறான். "நாம் எடுப்பிச்ச" திருக்கற்றளிக்கு "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" விமானத்தில் கல்லிலே வெட்டுக.

இந்த ஒரு வாக்கியத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். எடுத்த என்று சொல்லவில்லை, எடுப்பிச்ச என்கிறான், அதாவது கட்டுவித்த. கொடுத்தவர்களின் வரிசையைப் பாருங்கள்: தான், அக்காள் குந்தவை, அரசியர், பிறகு மற்றவர்கள். அரசவையில் யார் எங்கே நிற்பார்கள் என்பது அப்படியே கல்லில் ஏறியிருக்கிறது. கடைசியில் வரும் "மற்றும் குடுத்தார்" என்ற சொல்லில் ஒரு கட்டாயம் ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. கொடுத்தால் பெயர் அரசன் பெயருக்குக் கீழே கல்லில் வரும், கொடுக்காவிட்டால் வராது, அதை ஊரே பார்க்கும். அதிகாரிகள் கொடுத்தார்கள். கோயில் நிர்வாகம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான், நாயன்மார் படிமங்களோடு அரசனுக்கும் அரசி ஒலோகமாதேவிக்கும் படிமம் எடுத்துவைத்தான். சுற்றுமாளிகையை அரசன் சொற்படி கட்டியவன் சேனாபதி கிருஷ்ணன் ராமனான மும்முடிசோழ பிரமமாராயன். பட்டத்தைக் கவனியுங்கள், மும்முடிசோழன் என்பது அரசனின் பெயரே.

பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. சேரனையும் பாண்டியர்களையும் வென்று கைக்கொண்ட பண்டாரத்திலிருந்து செய்தவை என்று பாத்திரங்களுக்கு நேராகவே எழுதியிருக்கிறது. மேலைச் சாளுக்கிய சத்யாசிரயனை வென்று திரும்பியபோது இறைவன் பாதத்தில் இட்ட பொற்பூக்கள் தனியாக எடைபோட்டுக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

நேரில் போய்ப் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சில கைப்பிடிகள். கல்வெட்டு ஸ்வஸ்திஸ்ரீ என்று தொடங்கும். அடுத்து வரும் மெய்க்கீர்த்தியின், அதாவது அரசனின் வெற்றிகளைச் சொல்லும் முகவுரையின், முதல் சொல்லே யாருடையது என்று காட்டிவிடும்: "திருமகள் போல" என்றால் ராஜராஜன், "திருமன்னி வளர" என்றால் மகன் ராஜேந்திரன். வென்ற நாடுகளை இப்படி ஒரே வாசகமாக்கி எல்லாக் கல்வெட்டுக்கும் முகப்பாக வைக்கும் பழக்கத்தை நிலைநிறுத்தியவன் ராஜராஜன்தான். எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு விளக்குக்குக் கொடுத்த ஆட்டைப் பற்றிய கல்வெட்டும் அவன் வெற்றிகளைக் காந்தளூர்ச் சாலையில் தொடங்கி ஈழமண்டலம் வரை சொல்லிவிட்டுத்தான் ஆட்டுக்கு வரும். எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, வடசொற்கள் கிரந்தத்தில் வரும். தடுமாற வைப்பது இந்த மூன்றும்தான். 'யாண்டு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் ஆட்சியாண்டு கிடைக்கும். அளவுகளுக்கு இது போதும்: எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம், நாழியில் கால்பங்கு உழக்கு. பொன்னில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குறுணியும் மரக்காலும் ஒரே அளவுதான். இதைத் தனித்தனி என்று எண்ணிக் கணக்குப் போடுவது புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

அளவுகளுக்கும் பெயர் உண்டு. நெல் அளக்கும் மரக்காலின் பெயர் ஆடவல்லான். பொன் நிறுக்கும் கல்லுக்கும் அதே பெயர். மணிகள் கோத்த நகைகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். இரண்டும் இந்தக் கோயிலின் திருமேனிகள். ஒரு நாட்டில் ஊருக்கு ஊர் வேறு வேறு மரக்கால் இருந்த காலத்தில், கோயிலுக்கு வர வேண்டிய நெல் எல்லாம் ஆடவல்லானால் அளக்கப்பட வேண்டும் என்றால் என்ன பொருள்? ஊரின் அளவு இங்கே செல்லாது. சாமி பெயரில் இருப்பதால் அதை யாரும் குறைசொல்லவும் முடியாது.

முகவரியும் அப்படித்தான் மாறியது. வளநாடு என்பது அன்றைய பெரிய நாட்டுப் பிரிவு. தஞ்சாவூர் இருந்த வளநாட்டின் பெயர் பாண்டிய குலாசனி வளநாடு, பாண்டிய குலத்துக்கு இடியானவன் என்று பொருள். சுற்றிலும் அருமொழிதேவ வளநாடு, க்ஷத்திரிய சிகாமணி வளநாடு, நித்தவினோத வளநாடு, உய்யக்கொண்டார் வளநாடு. எல்லாம் ராஜராஜனின் பட்டங்கள். ஓர் ஊர்க்காரன் தன் ஊரைச் சொல்லி எழுத வேண்டுமானால் அரசனின் பட்டத்தை எழுதியே ஆக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலஅளவை. 1001-ஆம் ஆண்டளவில் சோழ நாடு அளக்கப்பட்டது. பணியை நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்று பட்டம். தஞ்சைக் கல்வெட்டில் கோயிலுக்குக் கொடுத்த ஒவ்வோர் ஊரின் மொத்த நிலமும் வரும், அதிலிருந்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கைவினைஞர் வாழும் கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் கழியும். மீதிதான் வரி கட்டும் நிலம். அந்த மீதி எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்றால், வேலி என்ற நில அளவில் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை பின்னம் போகிறது. முந்திரி என்பது 320-இல் ஒன்று, அதற்குக் கீழ் முந்திரி, கீழுக்கும் கீழ் என்று 320-ஆல் வகுத்துக்கொண்டே இறங்கும் முறை. வேலியை இன்றைய 6.6 ஏக்கராக வைத்தால் அந்தக் கடைசிப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதி. அளவுகோலால் யாரும் அதை அளந்திருக்க முடியாது, பின்னக் கணக்கு போட்டபோது விழுந்த மிச்சம் அது. அதைத் துடைத்தெறியாமல் கல்லில் வெட்டியதுதான் என்னை நிறுத்துகிறது. உன் நிலத்தில் எங்களுக்குத் தெரியாத துணுக்கு எதுவும் இல்லை என்ற செய்தி அதில் இருக்கிறது.

இப்படிக் கணக்கிட்ட ஊர்கள் சோழ மண்டலத்தில் மட்டும் இல்லை. தொண்டை மண்டலம், பாண்டி நாடு, மலைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, கடல் தாண்டி ஈழம். ஈழத்து ஊர்கள் நெல், காசு, இலுப்பைப்பால் கொடுக்க வேண்டும். வென்ற நாட்டின் வரைபடத்தைக் கோயிலின் வருமானக் கணக்காகவே எழுதியிருக்கிறார்கள்.

நெல் எங்கே போனது? கோயிலில் ஆடிப்பாடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் முதல் செலவு. திருவாரூர், திருவையாறு, பழையாறு என்று சோழ நாடெங்கும் இருந்த கோயில்களிலிருந்து இவர்கள் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரிய கோயிலைச் சுற்றிப் புதிய தெருக்கள், தெற்குத் தளிச்சேரி தென்சிறகு, வடசிறகு என்று வரிசை, வீட்டுக்கு எண், எண்ணுக்கு நேராகப் பெண்ணின் பெயரும் வந்த கோயிலின் பெயரும். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அது ஒரு வேலி நிலத்தால் வரும் நூறு கலம் நெல். நானூறு பங்கு என்றால் ஆண்டுக்கு 40,000 கலம். இதில் அவர்கள் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதற்குக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. கொடுத்த கோயில்களின் பக்கமிருந்து இதைப் பாருங்கள். ஒவ்வொரு பழைய தலத்தின் ஆட்டமும் பாட்டும் ஒரு பங்கு குறைந்து புதிய கோயிலில் கூடியிருக்கிறது. தேவாரம் பாடப்பட்ட காலத்தில் இல்லாத கோயில் இது, தலப்பெருமை கிடையாது. அதை ஆள் மாற்றி ஈடுகட்டியிருக்கிறார்கள்.

பதிகம் பாடவும் அப்படி ஓர் ஏற்பாடு. பிடாரர் 48 பேர், உடுக்கை ஒருவர், கொட்டிமத்தளம் ஒருவர், ஆக ஐம்பதின்மர். தலைக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். நாளுக்கு 150 குறுணி, அதாவது பன்னிரண்டரைக் கலம். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் 4,500 கலம். ஒருவர் இறந்தால், அல்லது ஊரைவிட்டுப் போனால், அவருடைய உறவினருக்கு அந்த இடம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளை அமர்த்தி நெல்லைக் கொடுக்க வேண்டும். இடம் காலியாகவே கூடாது என்பதற்கு எழுதிய விதி. கோயிலைக் காக்கத் திருமெய்க்காப்பு ஆட்களையும், கருவூலம் காக்கும் பண்டாரிகள், கணக்கர்கள், பிரம்மச்சாரிகளான மாணிகளையும் பெயர் சொன்ன ஊர்கள் அனுப்ப வேண்டும். மெய்க்காப்பு ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்லையும் ஊரே கொடுக்க வேண்டும். வரி, ஆள், ஆளுக்குச் சோறு மூன்றும் ஊரின் தலையில்.

விளக்குக் கணக்கு எளியது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, இல்லையென்றால் 16 எருமை. இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இதைச் சாவா மூவாப் பேராடு என்று சோழர் காலத்தில் சொன்னார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்கில் 96 குறையாது, குட்டிகளால் நிரப்பிக்கொள்ள வேண்டியது இடையர் பொறுப்பு. மழை பொய்த்த ஆண்டில் மந்தை பாதியானால் என்ன செய்வது என்பதற்குக் கல்லில் இடமில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது வாழைப்பழக் கணக்கு. பரிவார ஆலயத்துப் பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் 150 பழம். ஆண்டுக்கு 54,000. காசுக்கு 1,200 பழம் என்று விலை வைத்து, ஆண்டுக்கு 45 காசு. காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். 45 காசு வட்டி வர முதல் 360 காசு வேண்டும். அந்த 360 காசைத் தஞ்சை வணிகர்களிடம் கொடுத்துவிட்டார்கள். இனி எப்போதும் பழம் அவர்கள் பொறுப்பு. ஒவ்வோர் எண்ணும் மற்றொன்றில் பிசிறின்றிப் பொருந்துகிறது, நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

இதே முறை ஊர்ச்சபைகளுக்கும் நீண்டது. கோயில் காசு கொடுக்கும், சபை வட்டியை நெல்லாகக் கொடுக்கும், காசுக்கு ஆண்டுக்கு முக்குறுணி. காசுக்கு இரண்டு கலம் நெல் என்ற விலையில் இதுவும் அதே அரைக்கால்தான். நெல்லைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து அளப்பதும் ஊரின் வேலை. முதலைத் திருப்பிக் கட்டி முடிக்கும் கடன் இல்லை இது. சந்திர சூரியர் உள்ளவரை வட்டி. படைப்பிரிவுகளும் இப்படிப் பணம் வாங்கியிருக்கின்றன. இதைத் தர்மம் என்று மட்டும் படிப்பவர்களும் உண்டு, ஊருக்கு முதலீடு கிடைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஊருக்குப் பணம் வந்தது உண்மைதான், வாய்க்கால் வெட்டவும் பயன்பட்டிருக்கலாம். ஆனால் முடிக்க முடியாத கடன் என்பது ஒரு கட்டு. அறுவடை முடிந்ததும் வண்டி தஞ்சையை நோக்கிப் போயாக வேண்டும், ஆண்டுதோறும். படை அனுப்பாமல் ஊரை நினைவூட்டிக்கொண்டே இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சோழ அரசை வலுவான மைய அரசு என்றார். இன்னொரு வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன், மையத்துக்கு வெளியே அரசனுக்குச் சடங்கு வழியான மேலாண்மைதான் இருந்தது என்றார். இந்த அடித்தளத்தைப் படித்தால் இரண்டையும் பிரிப்பது கடினம் என்றே தோன்றுகிறது. சடங்கின் பெயரில்தான் நெல் வந்தது, நெல் வந்ததால்தான் சடங்கு நடந்தது.

எங்கே பழுதாயிற்று? முதல் பழுது மகன் காலத்திலேயே. ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான், அங்கே 53 மீட்டர் விமானம் எழுந்தது. அரண்மனை அருகில் இருந்ததால் ஓடிய இயந்திரம் தஞ்சையில் தனித்துவிட்டது. சுமார் 1070-இல் முதலாம் விஜயபாகு சோழரைப் பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றினான், ஈழத்து ஊர்களின் இலுப்பைப்பாலுக்கு அதன்பிறகு வழியில்லை. கல்லில் இன்றும் அவை பாக்கி இல்லாத ஊர்களாகவே நிற்கின்றன. காசின் மதிப்பும் நெல்லின் விலையும் மாறியபோது, என்றைக்குமாக எழுதிய வட்டிக்கு மாறத் தெரியவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தின் கதி இன்னும் மோசம். 1836-இல் கொள்ளிடத்துக் கீழணைக்காக அதன் மதிலின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

பின்னால் வந்தவர்கள் தஞ்சைக் கோயிலை விட்டுவைக்கவில்லை. நாம் வியந்து படம் எடுக்கும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை, சோழருடையவை அல்ல. சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர்கள் தங்கள் ஓவியத்தைத் தீட்டினார்கள், 1931-இல்தான் அடியில் இருந்தது தெரியவந்தது. 1803-இல் இரண்டாம் சரபோஜி, போன்சலே வம்ச வரலாற்றைத் திருச்சுற்றின் சுவரில் மராத்தியில் நீளமாக வெட்டுவித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. நாடு போன அரசன் தன் வம்சத்தைப் பதிக்கத் தேர்ந்த சுவர் இது. குடியரசும் விதிவிலக்கில்லை: 1954-இல் ரிசர்வ் வங்கியின் ஆயிரம் ரூபாய்த் தாளில் இந்த விமானம் வந்தது, கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி ஆயிரம் ரூபாய் நாணயம் வந்தது.

கருவறைக்கு மேலுள்ள சுற்றுப்பாதையில், பொதுமக்கள் போக முடியாத இடத்தில், நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைச் சிவன் ஆடிக்காட்டும் வரிசை இருக்கிறது. 81 முடிந்திருக்கிறது. அடுத்த 27 கற்களும் சமன்செய்து அளவாகப் பொருத்தி உளிக்குத் தயாராக நிற்கின்றன.